காவலுக்கு நின்றவர்கள்

தோல்பையில் புளித்துக்கொண்டிருந்த குதிரைப்பாலை ஜெய்னெப் மத்தால் கடைந்துகொண்டிருந்தபோது ராணுவ லாரிகள் ஊருக்குள் வந்தன. ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். வெயிலில் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. லாரிகள் கிளப்பிய புழுதி பால் பையின் மேல் படிந்தது. அவள் தலைத்துணியின் முனையால் பையின் வாயை மூடிவிட்டு, "ஏங்க, உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அவள் கணவர் அகான், கோக்புலாக் கூட்டுப் பண்ணையின் தலைவர். ஜெர்மனிக்காரனோடு நடந்த போருக்குப் போய், ஒரு காது கேளாமல் திரும்பி வந்தவர். கெட்டவர் அல்ல. ஆனால் மேலிடத்து உத்தரவு என்றால் அவரிடம் மறுபேச்சு இருக்காது. கேட்கும் காதை முன்னால் நீட்டிக்கொண்டு, மேஜர் லுகின் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

அன்று மாலையே பண்ணை மன்றத்தில் ஊர் கூடியது. மேஜர் மேடையேறி, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தோழர்களே, ராணுவப் பயிற்சி நடக்கப்போகுது. ஆடு, மாடு, குதிரை, குழந்தை குட்டி எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிடணும். முடிஞ்சதும் சொல்லி அனுப்புவோம்."

"அதுவரைக்கும் எங்க வீடுகளை யாரு பாத்துப்பா? நீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒஸ்பான் கேட்டான். ஜெய்னெப்பின் தம்பி. டிராக்டர் ஓட்டுபவன். ஊரே சிரித்தது. ஒஸ்பான் வாயைத் திறந்தாலே சிரிப்பது ஊரின் பழக்கம்.

மேஜர் சிரிக்கவில்லை. "ஆம்பளைங்க கொஞ்சப் பேர் இங்கேயே இருக்கணும். காவலுக்கு. அவங்களுக்கு டின் மாமிசம், சர்க்கரை, புகையிலை எல்லாம் நாங்க தர்றோம். நாட்டுக்குச் செஞ்ச சேவைன்னு நற்சான்றும் தருவோம். யார் யார்னு உங்க தலைவரே சொல்லட்டும்."

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து அகானின் வீட்டுக் கதவு சும்மா இருக்கவில்லை. கொளுத்தும் வெயிலில் மந்தையை ஓட்டிக்கொண்டு, அழும் பிள்ளைகளோடு, தண்ணீர் இல்லாத பாதையில் மலை தாண்டிப் போக யாருக்கு ஆசை? ஊரிலேயே உட்கார்ந்து டின் மாமிசம் தின்பதற்குத்தான் எல்லோருக்கும் ஆசை. ஒருவர் வெண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர் வேட்டைக்கழுகைத் தருவதாகச் சொன்னார். ஒஸ்பான் கொழுத்த வாலுள்ள ஒரு செம்மறியை இழுத்துக்கொண்டு வந்து, வாசல் கம்பத்தில் கட்டினான்.

"என்னடா இது?" என்றார் அகான்.

"முதுகு வலி, மச்சான். குதிரை மேல ஏறினா முறிஞ்சிடும். நான் இங்கேயே காவலுக்கு இருந்துக்கிறேன்."

"அதுக்கு ஆடு எதுக்கு? நீ என் மச்சினன்தானே?"

"சொந்தக்காரன்கிறதாலதான் ஆட்டோட வந்திருக்கேன். அன்னியனா இருந்தா குதிரை கேட்டிருப்பியே!"

அகான் சிரித்துவிட்டு அவன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. மகன் யெர்கினுக்கு இருபது வயது. தலைநகர் அல்மா அத்தாவில் விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக மனுப் போட்டுக்கொண்டிருந்தான். ராணுவத்தின் நற்சான்று கையில் இருந்தால் எந்தக் கல்லூரிக் கதவு திறக்காது? ஆனால் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. லாயத்தில் வேலை செய்யும் பெக்ஸாத்துக்கு ஏற்கனவே சரி என்று சொல்லியிருந்தார். குதிரை உதைத்து ஒரு கால் விளங்காமல் போனவன் பெக்ஸாத். நடந்து மலை தாண்ட முடியாதவன். அகான் அவனைக் கூப்பிட்டு, "உனக்கு இடம் இல்லப்பா, வண்டியில உக்காந்து போயிடு" என்றார்.

பெக்ஸாத் புரிந்துகொண்டான். "உங்க மகன் காலு தங்கக் காலு, என் காலு மட்டும் மரக்காலா? நல்லா இருங்க, தலைவரே. உங்க மகன் உக்காந்து நல்லாத் தின்னட்டும்" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.

ஜெய்னெப்புக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள்:

"அவ்வளவு சொகமான வேலைன்னா, அந்த மேஜர் தன் ஆளுங்களையே நிறுத்தலாமே? துப்பாக்கி அவங்ககிட்டதானே இருக்கு? நம்ம பையனும் உங்க மச்சினனும் என்னத்த வச்சுக் காவல் காப்பாங்க, கரண்டியையா?"

"ராணுவத்து விஷயம் உனக்கு என்ன தெரியும்?"

"தெரியலன்னுதான் கேக்கறேன். உங்களுக்குத் தெரியுமா?"

அகான் கேளாத காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊர் புறப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டார்கள். ஒருநாள் காலை, பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மலைக்கு அப்பால் இன்னொரு சூரியன் எழுந்ததுபோல் வானம் வெளுத்தது. பிறகு தரை ஒருமுறை எருதின் முதுகுபோல் சிலிர்த்தது. தேநீர்க் கிண்ணங்கள் உருண்டன. குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மலை முகட்டுக்கு மேலே ஒரு மேகம் தண்டும் குடையுமாக வளர்ந்துகொண்டே போனது. இவ்வளவு பெரிய வேடிக்கையை அதுவரை கண்டிராத குழந்தைகள் கை தட்டினார்கள்.

ஜெய்னெப் கை தட்டும் குழந்தைகளைப் பார்க்கவில்லை. மேகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோக்புலாக் பக்கம் சாய்ந்தது.

திரும்பி வந்தபோது ஊரில் ஒரு கண்ணாடி ஜன்னல்கூட மிஞ்சவில்லை. மன்றத்தின் கூரை பக்கத்துத் தெருவில் கிடந்தது. காவலுக்கு நின்றவர்கள் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து வந்து மந்தையைப் பிடிக்கவில்லை. யெர்கின் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். வாயிலிருந்து நீர் வழிந்தது.

என்ன நடந்தது என்று அவன் மெல்ல மெல்லத்தான் சொன்னான்.

"வீட்டுக்குள்ள இருக்காதீங்க, கூரை விழுந்துடும், மேட்டுல வந்து கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுங்கன்னு சொல்லிட்டு ராணுவத்துக்காரங்க லாரியில போயிட்டாங்கப்பா. நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, கம்பளிக்குள்ள முகத்தப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். அப்பவும் கம்பளியோட ஒவ்வொரு மயிரும் தனித்தனியாத் தெரிஞ்சுது. அப்புறம் காத்து வந்துது. அடுப்பு வாயத் திறந்தா வருமே, அந்த மாதிரி."

"அப்புறம்?" என்றார் அகான்.

"பன்னி மூஞ்சி மாதிரி முகமூடி மாட்டிக்கிட்டு ஆளுங்க வந்தாங்க. கையில ஒரு பெட்டி. ஒஸ்பான் மாமா நெஞ்சுல வச்சா அது டிக் டிக்னு கத்துது. மாமா, 'என்னைப் பாத்ததும் பெட்டிகூட வாயாடுது பாரு'ன்னு சிரிச்சாரு. அவங்க சிரிக்கல. எல்லாருக்கும் வோட்கா குடுத்து, குடிங்க, உள்ள இருக்கிறதெல்லாம் கழுவிட்டுப் போயிடும்னாங்க."

அந்த வாரத்திலேயே யெர்கினின் தலைமுடி தலையணையோடு வந்தது. ஜெய்னெப் அதைக் கூட்டி அள்ளி, அடுப்பில் போட மனம் வராமல் துணியில் முடிந்து வைத்தாள்.

மேஜர் சொன்ன சொல் தவறவில்லை, நற்சான்று வந்தது. யெர்கினுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு பாதியில் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்து, வகுப்பறையில் விழுந்து, ஊருக்குத் திரும்பினான். பிறகு கல்லூரிக்குப் போகவே இல்லை.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நகரத்திலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். காவலுக்கு நின்றவர்களை மன்றத்தில் கூட்டச் சொல்வார்கள். கூட்டுவது தலைவரின் பொறுப்பு. ரத்தம் எடுப்பார்கள், முடி எடுப்பார்கள், சட்டையைக் கழற்றி நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். என்ன நோய் என்று கேட்டால், "கால்நடையிலிருந்து வர்ற காய்ச்சல்தான், பாலைக் காய்ச்சிக் குடிங்க" என்பார்கள். மருந்து என்று ஒன்றும் தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது.

ஒஸ்பானின் தொண்டையில் கட்டி வந்தது. குரல் போய், காற்று மட்டும் வந்த பிறகும் அவன் பேச்சை விடவில்லை. ஒருநாள் அகான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது சொன்னான்:

"மச்சான், ஆட்டை அறுக்கிறதுக்கு முன்னாடி நாம தண்ணி காட்டுவோம்ல? இவங்க எனக்கு அதுகூடக் காட்டல. வருஷா வருஷம் ரத்தத்தை மட்டும் எடுத்துட்டுப் போறாங்க."

"பேசாதடா. வலிக்கும்."

"நான் கட்டின செம்மறி நல்ல ருசியா இருந்துச்சா? ஊர்லயே சாவுக்கு லஞ்சம் குடுத்து இடம் பிடிச்ச ஆளு நான் ஒருத்தன்தான்." சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. "உன்னைச் சொல்லல, மச்சான். நீ வாங்கினே, நான் குடுத்தேன். ரெண்டு பேரையும் சேத்து விலைக்கு வாங்கினவன் வேற எவனோ."

முதல் பனி விழுவதற்கு முன்பே ஒஸ்பான் இறந்தான். ஊரைச் சிரிக்கவைக்க ஆள் இல்லாமல் போனது.

அடுத்த ஆண்டு டாக்டர்கள் வந்தபோது யெர்கினால் மன்றம்வரை நடக்க முடியவில்லை. அதனால் டாக்டர் ஷுபின் வீட்டுக்கே வந்தார். நரைக்கத் தொடங்கிய, களைத்த மனிதர். கதவருகே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த மரியாதைகூட ஜெய்னெப்பின் கண்ணில் பட்டது. படுக்கையில் யெர்கின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காத்திருந்தான். பழகிப்போய்விட்டது அவனுக்கு.

ஜெய்னெப் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"டாக்டரே, ஒண்ணு கேக்கறேன். இந்த ரத்தத்தை எடுத்துட்டுப் போய் என்ன பண்றீங்க?"

"ஜெய்னெப், அவரை அவரு வேலையைப் பாக்க விடு" என்றார் அகான்.

"நீங்க சும்மா இருங்க. இத்தனை வருஷம் சும்மாதானே இருந்தீங்க. டாக்டரே, சொல்லுங்க. என் பையனைக் குணமாக்கவா?"

ஷுபின் ஊசியைப் பெட்டியின் மேல் வைத்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. ஆனால் அந்த வீட்டில், அந்தப் பையனுக்கு முன்னால், அவருக்குப் பொய் சொல்லச் சலிப்பாக இருந்தது.

"இல்லம்மா. குணமாக்க முடியாது. குண்டு எவ்வளவு தூரத்துல வெடிச்சா, ஒரு மனுஷன் உடம்புல எவ்வளவு ஏறும், அதுக்கப்புறம் அவன் எத்தனை காலம் இருப்பான்… இது தெரியணும். நாளைக்கே போர் வந்தா தேவைப்படும்."

"நம்ம ஜனங்களைக் காப்பாத்தவா? இல்ல, அந்தப் பக்கத்து ஜனங்களைக் கொல்லவா?"

"ரெண்டுக்கும் ஒரே கணக்குதாம்மா."

ஜெய்னெப் மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப, எவ்வளவு பக்கத்துல போட்டா இன்னொருத்தி பையன் இப்படிக் கெடப்பான்னு, என் பையன் உடம்புல இருந்து கத்துக்கிறீங்க. அவ யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. ஆனா என் பையன் ரத்தத்தை அளந்து பாத்து அவ வீட்டை எரிக்க நான் விடமாட்டேன். என் மகனைக் கொன்னுட்டீங்க. அவனையே கொலைகாரனாவும் ஆக்காதீங்க."

ஷுபின் அகானைப் பார்த்தார். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எதிர்பார்த்தார். வழக்கமாக அகான் சொல்லிவிடுவார். அன்று அவர் மகனைப் பார்த்தார். யெர்கின் சுருட்டிய சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

அகான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். "கிளம்புங்க, டாக்டர்" என்றார்.

யெர்கின் வசந்தம்வரை இருந்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு பெக்ஸாத் நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு தோல்பை நிறையக் குதிரைப்பால் கொண்டுவந்திருந்தான். அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றான்.

"தலைவரே, அன்னைக்கு உங்களைத் திட்டினேன். எனக்கு அநியாயம் பண்ணிட்டீங்கன்னு. இன்னைக்கு எனக்கு நாலு பிள்ளைங்க. நான் இப்ப என்ன சொல்லணும்? உங்களுக்கு நன்றி சொல்லணுமா? என் வாயில எப்படி வரும்?"

அகான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

அந்தக் கோடையில் மாவட்டத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். இளைஞர், சலவைச் சட்டை, கழுத்துப்பட்டை. புதிய கூரை போட்ட மன்றத்தில் அணுகுண்டைப் பற்றி நன்றாகவே பேசினார். நம் குண்டு நம் கேடயம். அது இருப்பதால்தான் அமெரிக்காக்காரன் வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். அது இருப்பதால்தான் நம் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றார். கடைசியில் அரசாங்கத்துக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிய வேண்டும். அதுதான் முறை.

அகான் மேடையேறினார். தீர்மானத்தை எடுக்கவில்லை.

"இவரு கேடயம்னு சொல்றாரு. நான் போருக்குப் போனவன். கேடயம்னா எதிரி போடுறதைத் தாங்கணும். இது நம்ம குண்டு. நம்ம தலையிலயே விழுந்துச்சு. எதிரி தலையில இன்னும் ஒரு தூசிகூட விழல."

பேச்சாளர் எழுந்தார். "தோழர் அகான், உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. ஆனா…"

"துக்கத்துல பேசல, தம்பி. உக்காருங்க. போர்ல நானும் சுட்டிருக்கேன். நான் சுட்டவன் கையில துப்பாக்கி இருந்துச்சு. அவன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். அதையே இன்னும் மறக்க முடியல. இந்தக் குண்டு யாரையும் பாக்காது. துப்பாக்கி தூக்கினவனும் தொட்டில்ல கெடக்கிறதும் இதுக்கு ஒண்ணுதான். அப்படிப்பட்ட ஒண்ணை எதிரி மேல போடுறது மட்டும்தான் பாவம்னு இல்ல. போடுவேன்னு கையில வச்சுக்கிட்டு மிரட்டுறதே பாவம்தான். சும்மா பத்திரமா வச்சிருக்கோம்னு சொல்லுவீங்க. அது பொய். வச்சிருக்கணும்னா சோதிச்சுப் பாக்கணும். சோதிக்க ஒரு ஊரு வேணும். அந்த ஊர்ல, இவன் இருக்கட்டும், அவன் போகட்டும்னு பேரு சொல்ல ஒரு தலைவன் வேணும். இங்க நான் சொன்னேன். என் மகன் பேரையும் நானே சொன்னேன். அமெரிக்காவுலயும் என்னை மாதிரி ஒருத்தன் சொல்லியிருப்பான். இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிய மாட்டேன்."

இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பதவி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதமே போகவும் போனது. மிச்ச காலமெல்லாம் ஆடு மேய்த்தார்.

பேச்சாளருக்கு முகம் சிவந்தது. தானே தீர்மானத்தைப் படித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மகனைப் புதைத்தவர்கள் கை தூக்கினார்கள், கணவனைப் புதைத்தவள் கை தூக்கினாள். இத்தனை ஆண்டுகள் தூக்கிப் பழகிய கைகள். அகானையும் ஜெய்னெப்பையும் தவிர, பெக்ஸாத் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்றுதான் மாவட்டப் பத்திரிகையில் வந்தது.

வெளியே ஜீப் தயாராக நின்றது. ஏறப்போன பேச்சாளர் ஜெய்னெப்பைப் பார்த்து நின்றார். கெட்ட பிள்ளை இல்லை. அவள் முகம் அவரை என்னவோ செய்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் அவ்வளவு குண்டு வச்சிருக்காங்களே. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம்தான், தம்பி. ரொம்பப் பயம்" என்றாள் ஜெய்னெப். "அங்கயும் ஒருத்தி உங்க குண்டுக்குப் பயந்துக்கிட்டு உக்காந்திருப்பா. அவ பயத்தைக் காட்டி அவங்க செய்றாங்க, என் பயத்தைக் காட்டி நீங்க செய்றீங்க. எங்க பயம் தீரணும்னா இருக்கிற குண்டெல்லாம் ஒழியணும். இன்னொண்ணு செஞ்சா தீராது. ரெண்டு பேருல யாருக்கு மனுஷத்தன்மை இருக்கோ, அவன் முதல்ல கீழ வைக்கட்டும்."

பேச்சாளர் ஜீப்பில் ஏறினார். டிரைவரைப் பார்த்துக் கிளம்பச் சொன்னார்.